ஸ்கிராட்ச் கற்கும் ஆசிரியர்களுக்கு: முதலில் முக்கோணம் வரையுங்கள்

ஏழாம் வகுப்புக்கு ஸ்கிராட்ச் (பிளாக் எனும் கட்டளைத் துண்டுகளை அடுக்கி புரோகிராம் செய்யும் மென்பொருள்) எடுக்கப் போகிறீர்களா? எல்லா பிளாக்கையும் படித்து முடித்த பிறகுதான் என்று காத்திருக்காதீர்கள். கீழே இடது மூலையில் உள்ள எக்ஸ்டென்ஷன் பட்டனை அழுத்தி கோடு வரையும் பென் பிளாக்குகளைச் சேர்த்து, பென் டவுன் போட்டு, திரையில் உள்ள பூனையை 100 ஸ்டெப் நகர்த்தி 90 டிகிரி திருப்புவதை நான்கு முறை ரிப்பீட் செய்தால் சதுரம் வந்துவிடும். சரி, அடுத்து சமபக்க முக்கோணம். பிள்ளைகள் பெரும்பாலும் 60 என்றுதான் போடுவார்கள் (பெரியவர்களும்தான்), மூன்று முறை ஓடியதும் பூனை அறுங்கோணத்தில் பாதியை வரைந்துவிட்டு நிற்கும். விடையைச் சொல்லிவிடாதீர்கள். திரும்புவது வெளிக்கோணம், அதனால் 120 வேண்டும் என்பதை அவர்களே தரையில் நடந்து பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். அப்புறம், இணையம் சரியில்லாத லேப் என்றால் ஸ்கிராட்ச் செயலியை முன்னாடியே இறக்கி வையுங்கள், ஆஃப்லைனிலும் ஓடும்.