பழைய கம்ப்யூட்டர் சரி பண்ண வாலண்டியரா வர்றீங்களா? மொதல்ல பிளக் போடாதீங்க

கோயமுத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல பழைய கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு ரூம்ல சேத்து மியூசியமா வெக்கோணும்னு வேலை நடக்குதுங்க. நானும் ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழமையானா அங்க போயிருவேன். புதுசா வர்ற பசங்க புள்ளைங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது ஒண்ணுதான், "அண்ணா, ஆன் பண்ணி பாக்கலாமா?" வேண்டாங்க. முப்பது வருசமா சும்மா கெடந்த மிஷினு, இன்னும் ரெண்டு வாரம் கெடந்தா ஒண்ணும் ஆகாது, ஆனா அவசரப்பட்டு கரண்ட் குடுத்தா ரெண்டு செகண்ட்ல போயிரும்.

ஒரு மிஷின வச்சே சொல்றேன். ஸ்பின்னிங் மில் ஆபீஸ்ல சம்பளக் கணக்கு போட்டுட்டு இருந்த எக்ஸ்டி டைப் பிசி, அதாவது 1980கள்ல வந்த ஐபிஎம் எக்ஸ்டி மாடல் மாதிரி கம்ப்யூட்டரு. 8088 புராசசர், 4.77 மெகாஹெர்ட்ஸ், 20 எம்பி ஹார்ட்டிஸ்க், 360 கேபி பிளாப்பி டிரைவு.

மொத வேலை: போட்டோவும் நோட்டும்

மூடிய கழட்டறதுக்கு முன்னாடியே நாலு பக்கமும் போட்டோ எடுங்க. மில் ஒட்டுன நம்பர் ஸ்டிக்கர், யாரோ பேனாவுல எழுதுன டிபார்ட்மெண்ட் பேரு, தேஞ்சு போன எண்டர் கீ, எதையும் தொடைக்காதீங்க. அதே மாடல் மிஷினு உலகத்துல லட்சக்கணக்குல வித்திருக்கு, ஆனா இந்த மில்லுல இந்த மேஜையில இருந்தது இது ஒண்ணுதான், அது அந்த ஸ்டிக்கர்லதான் இருக்கு. மூடி கழட்டுனதும் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு போட்டோ. பட்டை கேபிள்ல ஒரு ஓரம் செகப்பு கோடு இருக்கும், அதுதான் ஒண்ணாம் நம்பர் பின், அது எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு நோட்டுல எழுதிக்கோணும். ஸ்குரூ எல்லாம் முட்டை அட்டையில குழிக்கு ஒண்ணா போட்டு எங்க கழட்டுனதுன்னு எழுதுங்க. போன ஆடிக்காத்துல நான் வெறும் துண்டுச் சீட்டுல எழுதி வச்சிருந்தது ஜன்னல் வழியா பறந்து போய், ஒரு கார்டு எந்த ஸ்லாட்ல இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாமயே போச்சு, அதனால நோட்டுதான்.

சுத்தம் பண்றது

மில் மிஷின்ல பஞ்சு மெத்தை மாதிரி அப்பியிருக்கும். மெதுவான பெயிண்ட் பிரஷ்ல தள்ளி எடுங்க. பட்டறை கம்ப்ரசர் காத்து வேண்டாம், அதுல தண்ணியும் ஆயிலும் சேந்து வரும். போர்ட தொடறதுக்கு முன்னாடி கேபினெட் இரும்ப ஒருக்கா தொட்டுக்கோங்க, நம்ம ஒடம்புல இருக்கற ஸ்டேடிக் எறங்கிரும்.

எக்ஸ்டிக்குப் பொறவு வந்த 286, 386 புராசசர் போர்டா இருந்தா மொதல்ல பேட்டரிய பாருங்க. உருளையா நீலமாவோ பச்சையாவோ ஒண்ணு சால்டர் பண்ணியிருக்கும், ஒழுகி சுத்தியும் பச்சை பூத்திருந்தா அன்னைக்கே வெட்டி எடுத்தறோணும். அது காரம், அதனால வினிகர பட்ஸ்ல தொட்டு தேச்சா நுரைச்சு அடங்கும், பொறவு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல கழுவி ஃபேன் அடியில காய விடுங்க.

பவர் சப்ளை, இங்கதான் நிதானம் வேணும்

பின்னாடி சின்னதா செகப்பு சுவிட்ச் இருக்கும், 115 / 230ன்னு. நம்மூர் கரண்டுக்கு 230லதான் இருக்கோணும், 115ல இருந்து ஆன் பண்ணுனா வெடிச்சிரும். ரெண்டாவது, பிளக் புடுங்கியிருந்தாலும் உள்ள இருக்கற பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் வரைக்கும் டிசி நிக்கும். மீட்டர் வச்சு பூஜ்யம் ஆயிருச்சுன்னு பாக்காம கை வெக்கக் கூடாது, தனியா இருக்கறப்போ அந்த டப்பாவ தொறக்கவே கூடாது.

மூணாவது, கரண்ட் வர்ற எடத்துல மஞ்சளா கண்ணாடி மாதிரி பொட்டி கெப்பாசிட்டர் இருந்தா உத்துப் பாருங்க. உள்ள பேப்பர், மேல பிளாஸ்டிக். வருசம் ஆக ஆக பிளாஸ்டிக் வெடிப்பு விட்டு ஈரத்த இழுத்துக்கும், கரண்ட் பட்டதும் புகை கக்கும். நான் வந்த புதுசுல ஒரு மிஷினு ஆன் ஆயி, சந்தோசப்பட்டு முடிக்கறதுக்குள்ள அந்த கெப்பாசிட்டர் போயி ரூம் பூரா புகை, நாத்தம் ரெண்டு நாள் போகல. அதே மதிப்புல புதுசா எக்ஸ்2 டைப் (மெயின் கரண்ட் லைன்ல போடறதுக்குன்னே செய்யற) கெப்பாசிட்டர் வாங்கி மாத்திருங்க.

இதெல்லாம் பாத்த பொறவு சீரீஸ் லேம்ப். கணபதி, பீளமேடு பக்கம் மோட்டார் காயில் கட்டற பட்டறையில பாத்திருப்பீங்க, ஒரு குண்டு பல்ப சீரீஸ்ல போட்டு டெஸ்ட் பண்ணுவாங்க. அதே வித்தைதானுங்க இங்கயும், சப்ளைக்குப் போற கரண்ட் அந்த பல்பு வழியாத்தான் போகோணும். 100 வாட்ஸ் குண்டு பல்பு வேணும், எல்இடி ஆகாது. பவர் சப்ளைய மிஷின்ல இருந்து கழட்டி வெளிய வச்சு, 5 வோல்ட் லைன்ல ஒரு வண்டி இண்டிகேட்டர் பல்ப லோடா கோத்து விட்டு, அப்புறம் சுவிட்ச் போடுங்க. குண்டு பல்பு ஒரு மின்னு மின்னி மங்குச்சுன்னா பரவால்ல, முழு வெளிச்சத்துல எரிஞ்சுட்டே இருந்தா உள்ள ஷார்ட், ஒடனே ஆஃப். இத எனக்குச் சொல்லிக் குடுத்தது ரிட்டையர் ஆன டிவி மெக்கானிக் அண்ணன் ஒருத்தர், அவருக்கு கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியாது, ஆனா சப்ளைய மோந்து பாத்தே எது சூடாகுதுன்னு சொல்லுவாரு. அமெரிக்காவுல மவுண்டன் வியூ கம்ப்யூட்டர் மியூசியத்துல 1959ல அறிவிச்ச ஐபிஎம் 1401ங்கற கம்ப்யூட்டர ஓட வச்சதும் ரிட்டையர் ஆன இன்ஜினியருங்க சேந்துதான். இங்கிலாந்துல பிளெட்ச்லி பார்க்ல ஹார்வெல் டெகட்ரான்னு 1951ல வேலைக்கு வந்த மிஷினு இருக்கு, ரெண்டரை டன் எடை, அதையும் வாலண்டியருங்கதான் மூணு வருசம் ஒக்காந்து 2012ல ஓட வச்சாங்க. மூணு வருசம்!

சப்ளை சரியா 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் குடுத்தா போர்டுல மாட்டலாம். ரெண்டு கனெக்டர் இருக்கும், ரெண்டுலயும் கருப்பு ஒயரு நடுவுல பக்கத்து பக்கத்துல வரோணும். மாத்தி சொருகுனா போர்டு காலி.

போர்டும் டிஸ்கும்

எல்லா கார்டையும் கழட்டிட்டு டிஸ்பிளே கார்டும் ஸ்பீக்கரும் மட்டும் வச்சு ஆன் பண்ணுங்க. பவர் சப்ளை ஆன் ஆன ஒடனே ஆஃப் ஆச்சுன்னா, 12 வோல்ட் லைன்ல சொட்டு மாதிரி இருக்கற டாண்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆயிருக்கும், மீட்டர்ல ஒவ்வொண்ணா பாருங்க. ஒரே ஒரு சின்ன பீப் வந்தா போர்டுக்கு உசிரு இருக்குதுன்னு அர்த்தம். டியூப் மானிட்டர மட்டும் தொறக்காதீங்க, அதுல ஆயிரக்கணக்குல வோல்ட் நிக்கும், மெக்கானிக் அண்ணன் கையிலயே குடுத்திருங்க.

பிளாப்பிய அப்படியே டிரைவுல சொருகாதீங்க. ஓட்டை வழியா பாத்தா வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா டிரைவோட ஹெட்டும் கெடும், அடுத்து போடற நல்ல டிஸ்கும் கெடும். சுத்தமா இருக்கறத மொதல்ல காப்பி எடுக்கோணும், கிரீஸ்வீசில்னு ஒரு சின்ன போர்டு கெடைக்குது, பழைய டிரைவ யுஎஸ்பில மாட்டி டிஸ்க்ல இருக்கறத அப்படியே ஒரு ஃபைலா காப்பி எடுத்துக்கும், அதத்தான் இமேஜ்னு சொல்றது. மில்லுல இருந்து வந்த ஒரு டிஸ்க்ல "சம்பளம், பி ஷிப்ட்"னு எழுதியிருந்துச்சு. அது இமேஜா வந்து பேரு பேரா ஸ்கிரீன்ல ஓடுனப்போ ரூம்ல யாரும் பேசவே இல்லீங்க. அவங்க பேரும் சம்பளமும் வெளிய காட்டற விசயம் இல்ல, அதனால அந்த இமேஜ தனியா பூட்டி வச்சிருக்கோம்.

கழட்டுன பழைய பார்ட்ட குப்பையில போடாம கவர்ல போட்டு, எந்த மிஷினு, எந்த எடம், என்னைக்கு மாத்துனதுன்னு எழுதி அந்த மிஷினோடயே வெச்சிருங்க.

வர்றப்போ ஒரு நோட்டு, பென்சிலு, காட்டன் சட்டை. மோதிரம், கைச்செயின் கழட்டி வச்சிருங்க. ஊர்ல வயசான ரேடியோ, டிவி மெக்கானிக் யாராச்சும் சும்மா இருந்தா அவரையும் வண்டியில ஏத்திட்டு வாங்க.