கிராப் ஃபேக்டர், ஃபோக்கல் லென்த், டிஜிட்டல் ஜூம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் கன்னியாகுமரி கடற்கரையில நின்னு எனக்க சித்தி பையன் போன்ல 10 எக்ஸ் வெச்சு திருவள்ளுவர் சிலைய ஒரு போட்டோ எடுத்தான். போன் ஸ்கிரீன்ல பாக்க நல்லாத்தான் இருந்திச்சு. வீட்டுக்கு வந்து லேப்டாப்புல பெருசாக்கிப் பாத்தா, அறம் பொருள் இன்பம்னு வள்ளுவர் மூணு விரலு காட்டிக்கிட்டு நிப்பாருல்ல, அந்த மூணு விரலும் மெழுகு உருகி ஒட்டுன மாதிரி ஒரே கட்டியா கெடக்கு. "அண்ணே, 50 மெகாபிக்சல் போனு, இப்பிடியா வரும்?"னு கேட்டான். பாவம், முகமே வாடிப்போச்சு.

அவன் போன்ல டெலி லென்ஸ், அதாவது தூரத்துல உள்ளத கிட்ட காட்டுற தனி லென்ஸ், கிடையாது. மெயின் கேமரா ஒண்ணு, வைடு ஒண்ணு, அவ்வளவுதான். அப்போ 10 எக்ஸ்னு போட்டா என்ன நடக்குதுன்னா, அகலத்துல பத்துல ஒரு பங்கு, உயரத்துல பத்துல ஒரு பங்கு, ஆக மொத்த படத்துல நூத்துல ஒரு பங்க மட்டும் நறுக்கி எடுத்துக்குது, இதுக்குத்தான் டிஜிட்டல் ஜூம்னு பேரு. 50 மெகாபிக்சல்ல நூத்துல ஒண்ணுன்னா 5 லட்சம் பிக்சல். ஆனா சேவ் ஆன ஃபைல பாத்தா 12 மெகாபிக்சல்னு காட்டும், மீதி அத்தனையும் போன் தானா யோசிச்சு ரொப்புனது. விரலு ஒட்டிக்கிட்டது அதனாலதான். 2 எக்ஸ்னா கால் பங்கு, பன்னெண்டு மெகாபிக்சலுக்கு மேல கையில இருக்கும், நல்ல வெளிச்சத்துல தாராளமா எடுக்கலாம், அத நான் தப்பு சொல்லமாட்டேன். டெலி லென்ஸ் உள்ள போன் வெச்சிருக்கவங்களும் ஒண்ணு கவனிங்க, இருட்டுல நீங்க 3 எக்ஸ் அமுக்குனாலும் சில போன் அந்த லென்ஸுக்கு போகாம மெயின் கேமராவத்தான் நறுக்கிக் காட்டும். டெலி லென்ஸ விரலால மூடிப் பாருங்க, ஸ்கிரீன் இருட்டலைன்னா நறுக்குதுன்னு அர்த்தம்.

இதே "நறுக்குற" கணக்குதான் கிராப் ஃபேக்டரும், இத புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிரும். கடைக்கு போனா "தம்பி, இந்த 200 எம்எம் லென்ஸ உங்க கேமராவுல மாட்டுனா 300 எம்எம்மா மாறிரும்"னு சொல்லுவாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். மாறாது. ஃபோக்கல் லென்த், அதாவது லென்ஸ் மேல எம்எம்ல போட்டிருக்கிற நம்பர், லென்ஸோட சொந்த குணம், எந்த கேமரா பாடியில மாட்டுனாலும் 200 எம்எம் 200 எம்எம்தான்.

வள்ளுவர வெச்சே கணக்கு போட்டு பாப்போம். பீடத்தோட சேத்து 133 அடி, அதாவது சுமாரா 40 மீட்டர். நாம நிக்கிற எடத்துலேருந்து அரை கிலோமீட்டர்னு வெச்சுக்குங்க. 200 எம்எம் லென்ஸ் அந்த சிலைய சென்சார் (கேமராவுக்குள்ள படம் விழுற சில்லு) மேல ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் உயரத்துக்கு வரையும். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், அதுல படுக்கவாட்டுல எடுத்தா ஃப்ரேம்ல மூணுல ரெண்டு பங்கு சிலை நிக்கும், மேலயும் கீழயும் வானமும் கடலும் இருக்கும். நம்மள்ல முக்காவாசி பேரு வெச்சிருக்கிற, ஏபிஎஸ்-சிங்கற சின்ன சென்சாரோட உயரம் 15.6 மில்லிமீட்டர்தான், கேனான்ல இன்னும் கொஞ்சம் கம்மி. அதே லென்ஸ், அதே எடம், அதே 16 மில்லிமீட்டர் சிலை, ஆனா தலை வெட்டுப்படும். லென்ஸ் எதையும் பெருசாக்கல, சென்சார் சின்னதா இருக்கறதால சுத்தியுள்ளது வெளியில போச்சு, அதாக்கும் விஷயம். கிராப் ஃபேக்டர்ங்கறது நிக்கான் சோனி ஏபிஎஸ்-சில 1.5, கேனான் ஏபிஎஸ்-சில 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ங்கற இன்னும் சின்ன சென்சார்ல 2, அதால ஃபோக்கல் லென்த்த பெருக்குறது எவ்வளவு அகலம் தெரியும்னு ஒப்பிட்டு பாக்கத்தான்.

அப்போ கிராப் பாடியால, அதாவது இந்த மாதிரி சின்ன சென்சார் உள்ள கேமராவால, லாபமே இல்லையான்னா, இருக்கு, ஆனா பிக்சல பாத்து சொல்லணும். சுசீந்திரம் குளத்துல தூரத்துல நிக்கிற நாரைய எடுக்கறீங்க. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சில அந்த பறவைக்கு முழு 24லேருந்து பங்கு கிடைக்கும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம்ல எடுத்து அதே அளவுக்கு நறுக்குனா மிச்சம் பத்தரை சொச்சம்தான். அதுவே 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம்னா நறுக்குனாலும் 20 மிஞ்சும், பெரிய வித்தியாசம் தெரியாது. பறவைக்காக மட்டும் கேமரா வாங்குறவங்க ஃபுல் ஃப்ரேமுக்கு கடன் வாங்க வேண்டாம்னு நான் சொல்றது இதனாலதான்.

இன்னொரு தப்பு, கிராப் பாடிக்குன்னே செய்ற 18-55 லென்ஸுல எழுதியிருக்கிற நம்பர் ஏற்கனவே பெருக்குனதுன்னு நினைக்கிறது. இல்ல, அதுவும் அசல் நம்பர்தான், 1.5 பாடியில 27லேருந்து 82 வரைக்கும் உள்ள காட்சி தரும். ஆனா லென்ஸ கழட்ட முடியாத பிரிட்ஜ் கேமராவுக்கும் போனுக்கும் விளம்பரத்துல போடுறது பெருக்குன நம்பர். நிக்கான் பி900ல 2000 எம்எம்னு சொல்றாங்களே, அதோட அசல் ஃபோக்கல் லென்த் 357 எம்எம், சென்சார் அவ்வளவு குட்டி. அதுல வர்ற 83 எக்ஸுங்கறது கடைசி நம்பர முதல் நம்பரால வகுத்தது, அவ்வளவே. 18-55 மூணு எக்ஸ், 70-300 நாலு எக்ஸ் சொச்சம், ஆனா தூரத்துல உள்ளத எடுக்க எது உதவும்னு உங்களுக்கே தெரியும்.

எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற தப்பு அடுத்தது. வள்ளுவர் பக்கத்துல பெரிய சூரியன் வேணும்னு ஆசப்பட்டு கரையில நின்னுக்கிட்டே ஜூம் பண்ணுவாங்க, அப்புறம் நறுக்குவாங்க. எவ்வளவு நறுக்குனாலும் சிலையும் சூரியனும் சேந்துதான் பெருசாகும். 200 எம்எம்ல சூரியன் சென்சார்ல 1.8 மில்லிமீட்டர், சிலை 16, ஒம்பதுல ஒரு பங்கு. இத மாத்துறது உங்க கால்தான், லென்ஸ் இல்ல. சிலையிலேருந்து ரெண்டரை கிலோமீட்டர் தூரத்துக்கு தள்ளிப் போங்க, சிலை அஞ்சுல ஒரு பங்கா சுருங்கும், சூரியன் அப்படியே இருக்கும். அங்கேருந்து 600 எம்எம் போட்டா சிலை பத்து மில்லிமீட்டர், சூரியன் அஞ்சரை, பாதிக்கு மேல! முப்பந்தல்ல கரண்டு எடுக்குற காத்தாடிக்கு பின்னால நெலா எடுக்கறதுக்கும் இதே வழிதான்.

அப்பர்ச்சருக்கு, அதாவது வெளிச்சம் உள்ள வர்ற லென்ஸ் தொறப்புக்கு, ஒரே ஒரு வார்த்தை, எஃப் 2.8ன்னா எக்ஸ்போஷர் (படத்துல விழுற வெளிச்ச அளவு) எந்த பாடியிலயும் 2.8தான், பின்னால மங்குறதுல வித்தியாசம் வரும்.

ஷட்டர் ஸ்பீடுக்கு மட்டும் கட்டாயம் பெருக்குங்க. கையில பிடிச்சு 300 எம்எம்ல எடுத்தா ஒரு செகண்டுல 300ல ஒண்ணு போதும்னு பழைய கணக்கு, 1.5 பாடியில அது 450ல ஒண்ணு, நம்ம ஊர் கடக்காத்துக்கு நான் 500க்கு கீழ இறங்கறதில்ல. ஆட்டத்த கொறைக்கிற ஸ்டெபிலைசேஷன் இருந்தா கொஞ்சம் இறங்கலாம், ஆனா அது உங்க கை ஆடுறதுக்குத்தான், பறவை ஆடுறதுக்கு இல்ல. சாயங்காலம் வெளிச்சம் குறைஞ்சு அந்த ஸ்பீடு வரலைன்னா ஐஎஸ்ஓவ (படத்த வெளிச்சமாக்குற செட்டிங்) தைரியமா ஏத்துங்க, கிரெய்ன் (புள்ளி புள்ளியா) வந்த படத்த வீட்டுல வந்து சரி பண்ணலாம், ஷேக் ஆன படத்த ஒண்ணும் பண்ண முடியாது.