மழையில் சரிந்த தடுப்புச் சுவருக்கு எவ்வளவு செலவானது?

ஊட்டி, குன்னூர் பக்கம் ஒவ்வொரு மழைக்கும் எங்காவது ஒரு தடுப்புச் சுவர் சரியும். போன வருஷம்தானே கட்டினாங்க என்று டீக்கடையில் புலம்புவதோடு விட்டுவிடாமல், ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"ஏன் சுவர் விழுந்தது?" என்று கேட்காதீர்கள், மழுப்பலாகத்தான் பதில் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி உத்தரவு, அளவீட்டுப் புத்தகம் (அலுவலகத்தில் 'எம் புக்' என்பார்கள்), பணம் வழங்கிய பில். ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தத் தேதிக்குள் சுவர் விழுந்திருந்தால், மறுபடி நகராட்சிப் பணத்தில் கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

எனக்குப் பிடித்தது பிரிவு 2(j). வேலை நடந்த இடத்தையே நேரில் பார்வையிடவும், சிமென்ட் கலவையின் மாதிரியைச் சான்றிட்டு வாங்கவும் அது உரிமை தருகிறது. அளவீட்டுப் புத்தகத்தில் உள்ள நீள, உயரத்தை டேப் வைத்துச் சரிபார்த்துவிடலாம். மழைக்கோட்டு மறக்க வேண்டாம்!

30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது. விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.