பரணைக் காலி செய்ய உட்கார்ந்தால் கை ஓடவில்லையா? இந்த வழியில் செய்து பாருங்கள்

எங்கள் வீட்டில் இரண்டு பரண்கள். சமையலறைப் பரணில் பாத்திரங்கள், படுக்கையறைப் பரணில் மற்றதெல்லாம். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்ததும் "இருக்கட்டும், எப்பவாவது தேவைப்படும்" என்று மனம் சொல்லும். வேலை அங்கேயே நின்றுவிடும். அந்த இடத்தைத் தாண்ட எனக்கு உதவிய முறையை எழுதுகிறேன். ஏணி போடுவதும் தூசி தட்டுவதும் உங்களுக்கே தெரியும்.

என்ன வேண்டும்

மாஸ்கிங் டேப், பெர்மனென்ட் மார்க்கர், காலி அரிசிச் சாக்குகள் கொஞ்சம். கொக்கியில் மாட்டித் தூக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் இன்னும் நல்லது. எடைக்குப் போடப்போகும் பாத்திரத்தை வீட்டிலேயே நிறுத்துக்கொண்டு போகலாம்.

மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளை மட்டும் இப்போது வாங்காதீர்கள். பெட்டி வந்துவிட்டால் அதை நிரப்பத்தான் தோன்றும். எது மிஞ்சுகிறது என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

1. யோசிக்கத் தேவையில்லாததில் ஆரம்பியுங்கள்

மூடி தொலைந்த டப்பா, எப்போதோ விற்றுவிட்ட டிவியின் ரிமோட், காலாவதியான மருந்து. மருந்தை மற்றக் குப்பையோடு கலக்காதீர்கள். திடக்கழிவு விதிகளின்படி அதைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் சட்டை போன்றவற்றை இப்போது திறக்கவே வேண்டாம். அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

2. கேள்வியை மாற்றுங்கள்

"இது தேவைப்படுமா?" என்று கேட்டால் எல்லாப் பொருளுக்கும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "தேவைப்படும் நாளில் இது வீட்டில் இல்லையென்றால் என்ன செய்வேன்?"

பெரிய அண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் வேண்டும்தான். ஆனால் இன்றைக்கு வளைகாப்புக்குக்கூடச் சமையல்காரரே பாத்திரம் கொண்டுவருகிறார். இல்லையென்றால் பந்தல் போடுபவரிடமோ வாடகைப் பாத்திரக் கடையிலோ ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் பரணில் பாதியை அடைத்துக்கொண்டு அது இருக்க வேண்டியதில்லை. அதே கேள்வியை இடியாப்ப அச்சுக்குக் கேட்டால் பதில் வேறு. ராத்திரி எட்டு மணிக்கு இடியாப்பம் பிழிய நினைத்தால் யாரிடம் போய்க் கேட்பது? அது இருக்கட்டும்.

நம்மிடம் இருப்பதாலேயே ஒரு பொருளை நாம் உயர்வாக மதிக்கிறோம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்க முன்வந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோப்பை என்னவோ ஒன்றுதான். அதனால் கை தயங்கும்போது இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்: "இதே பொருள் இதே நிலையில் கடையில் இருந்தால் எவ்வளவு கொடுத்து வாங்குவேன்?" சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று தோன்றினால் சாக்கில் போடுங்கள்.

பொருளை நீங்கள் கையில் எடுக்காமல் வேறொருவரை எடுத்துக் காட்டச் சொன்னால் முடிவு சீக்கிரம் வருகிறது. என் மகள் எடுத்துக் காட்டினாள், நான் பதில் மட்டும் சொன்னேன்.

3. பெயர் வெட்டிய பாத்திரங்கள்

நான் ரொம்ப நேரம் நின்ற இடம் இது. சீராக வந்த எவர்சில்வர் சம்படம், பாட்டியின் பித்தளைத் தவலை, விளிம்பில் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டிய குடம். மேலே சொன்ன கேள்வி எதுவும் இங்கே செல்லாது. ஏனென்றால் பாத்திரத்தை விட்டால் ஆளையே விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

ஒருவர் நினைவாக வைக்கும் பொருள் கண்ணில் பட வேண்டும் அல்லது கையில் புழங்க வேண்டும் என்று கடைசியில் முடிவு செய்துகொண்டேன். பரணில் சாக்குக்குள் கிடந்தால் அது பாட்டியின் நினைவாக எனக்கு எதுவும் செய்யவில்லை. அதனால் ஒவ்வொருவர் நினைவாகவும் ஒரு பாத்திரம் என்று எடுத்துச் சமையலறைக்கு இறக்கினேன். சீராக வந்த சம்படத்தில் இப்போது துவரம் பருப்பு இருக்கிறது. பாட்டியின் தவலைக்கு ஈயம் பூசச் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தைத் தங்கை, சித்தி மகள் எல்லாருக்கும் படம் எடுத்து அனுப்பினேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் மிஞ்சியதுதான் எடைக்குப் போனது. நேராகக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். உறவில் யாராவது ஒருவர் அந்தக் குடத்தை மனதில் வைத்திருப்பார்.

4. அப்போதும் முடிவு வராதவை

அவற்றை ஒரு பெட்டியில் போட்டு டேப்பால் ஒட்டுங்கள். வெளியே உள்ளிருக்கும் பொருள்களின் பட்டியலையும் ஒரு தேதியையும் எழுதுங்கள். தேதியை ஆயுத பூஜை, போகி என்று வீடு சுத்தம் செய்யும் நாளாகவே வையுங்கள், மறக்காது. நடுவில் எதையாவது தேடினால் அதை மட்டும் வெளியே எடுக்கலாம். தேதி வந்ததும் மிச்சத்தைத் திறந்து பார்க்காமல் கொடுத்துவிட வேண்டும். பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டிதான். இரண்டாவது வேண்டும் என்று தோன்றினால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

5. அன்றைக்கே வெளியே

சாக்கு ராத்திரி முழுக்க வரவேற்பறையில் இருந்தால் காலையில் பாதி திரும்பப் பரணேறும். பேப்பர் கடைக்காரரை முன்கூட்டியே வரச் சொல்லுங்கள். துணியைத் துவைத்து மடித்துக் கொடுங்கள். கிழிந்தது துடைக்கத்தான் ஆகும், யாருக்கும் கொடுக்காதீர்கள். பழைய செல்போன், சார்ஜர், பேட்டரி எல்லாவற்றையும் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேருங்கள்.

போகியில் எரித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2018 போகியன்று புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமாயின. பிளாஸ்டிக்கும் டயரும் எரிந்தால் அந்தப் புகை நம் வீட்டுக் குழந்தைகளுக்குள்தான் போகிறது.

பிறகு சேர்த்தது

"மாமியார் எதையும் விட மாட்டேன் என்கிறார்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அவர் பொருளைத் தொடாதீர்கள். உங்கள் அலமாரியை மட்டும் முடித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் காலியான பரணைப் பார்த்துவிட்டு அத்தையே தன் டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

காகிதங்களைப் பற்றியும் கேட்டீர்கள். மேலே சொன்ன எந்தக் கேள்வியையும் காகிதத்துக்குக் கேட்கக் கூடாது. தாய்ப்பத்திரம், பட்டா, மதிப்பெண் சான்றிதழ், பிறப்பு இறப்புச் சான்றுகள் ஒரே கோப்பில் இருக்கட்டும். மூலப்பத்திரம் தொலைந்தால் போலீஸ் புகார், நாளிதழ் விளம்பரம் என்று அலைய வேண்டிவரும். வாரண்டி முடிந்த பொருளின் பில்லைத் தாராளமாகக் கிழிக்கலாம். நகை பில்லைக் கிழிக்காதீர்கள். மாற்றும்போது கடையில் கேட்பார்கள்.