கைக்குட்டையில் ரத்தப் பொட்டு

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். விமானத்துக்குள் அது 20க்கும் கீழே இறங்கிவிடும். சாங்கி விமான நிலையத்திலிருந்து லண்டனுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு முறையும் மூக்கு காய்ந்து, கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு விழும். தண்ணீராகக் குடித்துப் பார்த்தேன்; கழிப்பறைக்கு நடந்ததுதான் மிச்சம்.

போன முறை சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மூக்குக்கான உப்புநீர் ஸ்பிரே வாங்கினேன். 100 மில்லிக்குக் குறைந்த புட்டி என்பதால் பாதுகாப்புச் சோதனையில் தடையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டு, முகக்கவசமும் அணிந்தேன். விடுகிற மூச்சின் ஈரம் அதற்குள்ளேயே தங்குகிறது. கான்டாக்ட் லென்சைக் கழற்றிக் கண்ணாடிக்கு மாறினேன். அம்மா திணித்த தேங்காய் எண்ணெய் உதட்டுக்கு மட்டும். இறங்கும்போது கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.