பைக் பூட்டு வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கைத் திருடுபவனுக்கு இரண்டே வழிகள்தான் உண்டு. சைடு லாக்கை உடைத்து, ஒயர்களை நேரடியாக இணைத்து ஓட்டிப் போவது ஒன்று. ஓட்டாமலேயே தள்ளிக்கொண்டோ குட்டியானை வேனில் ஏற்றியோ கொண்டுபோவது மற்றொன்று. இவற்றில் எதைத் தடுக்கப் போகிறோம் என்று யோசிக்காமல் கடைக்குப் போவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே முளைக்கின்றன.

சைடு லாக் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். அந்தப் பூட்டு என்பது ஹேண்டிலைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும் ஒரு சிறு உலோக முனை, அவ்வளவுதான். வண்டிமேல் உட்கார்ந்து காலால் ஹேண்டிலை ஓங்கி மிதித்தால் சில நொடிகளில் உடைந்துவிடுகிறது. செய்திகளில் வரும் சிசிடிவி பதிவுகளில் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் சாவித்துளை தேய்ந்துபோனால் நிலைமை இன்னும் மோசம். வேறொரு சாவியே அதைத் திறந்துவிடலாம்.

அடுத்துப் பலரும் வாங்குவது, சக்கரம் சுழலாதபடி பிரேக் டிஸ்க்கில் மாட்டும் டிஸ்க் லாக். கடைக்கோ வங்கிக்கோ போய்ச் சிறிது நேரத்தில் திரும்புபவருக்கு அது நல்ல பூட்டுதான். ஆனால் உங்கள் வண்டியில் டிஸ்க் பிரேக் இருக்கிறதா, பூட்டின் ஊசி டிஸ்க்கின் துளையில் நுழையுமா என்று பார்க்காமல் ஆன்லைனில் வாங்காதீர்கள். டிரம் பிரேக் வண்டிக்கு அதை வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. பூட்டியதை மறந்து வண்டியை எடுத்தால் சக்கரம் சட்டென்று நின்று விழ நேரிடும். ஆகவே பூட்டையும் ஹேண்டிலையும் இணைக்கும் நினைவூட்டுக் கயிறு இல்லாமல் டிஸ்க் லாக் வாங்கவே கூடாது. இன்னொன்றும் உண்டு. வண்டியைத் தூக்கி ஏற்றுபவனை டிஸ்க் லாக் தடுக்காது. சாதாரண 100 சிசி வண்டியின் எடை 110 கிலோ அளவில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் போதும்.

தூக்கிப் போவதைத் தடுக்க வண்டியை அசையாத ஒன்றோடு கட்டியாக வேண்டும். அதற்குச் சங்கிலிதான் வழி. தவறுகள் குவிவதும் இங்கேதான். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிப் பூட்டு பார்வைக்குக் கட்டை விரல் பருமன் இருக்கும். உறையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மெல்லிய கம்பி முறுக்குதான். ஹெல்மெட்டைக் கட்ட அது போதும், வண்டிக்குப் போதாது. வாங்கும்போது உறையை ஒதுக்கிக் கண்ணியைப் பாருங்கள். கடினமாக்கிய எஃகா, தடிமன் 12 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். சங்கிலி கனமாக இருக்கும், சுமக்கச் சிரமம்தான். அந்தக் கனத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். நல்ல சங்கிலி வாங்கிவிட்டு, அதன் முனையில் வீட்டுக் கதவின் பழைய பூட்டை மாட்டுபவர்களும் உண்டு. திருடன் சங்கிலியைத் தொடவே மாட்டான், பூட்டைத்தான் உடைப்பான்.

எங்கே, எப்படிக் கட்டுகிறோம் என்பது அதைவிட முக்கியம். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால், அச்சு நட்டைக் கழற்றிச் சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைத் தூக்கிப் போகலாம். பின்சக்கரத்தோடு வண்டியின் சட்டத்தையும் (ஃபிரேம்) சேர்த்துத் தூணில் கட்டுங்கள். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. கிடந்தால், இரும்பை வெட்டும் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மற்றொன்றின்மேல் உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்தலாம். தொய்வின்றி, தரைக்கு மேலே இருக்கும்படி கட்டினால் அந்த வசதி அவனுக்குக் கிடைக்காது. அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் கட்ட இடம் இல்லையென்றால், சங்கத்தில் அனுமதி பெற்றுத் தரையில் ஓர் இரும்பு வளையம் பதித்துக்கொள்ளுங்கள். இரும்பறுக்கும் கிரைண்டர் எந்தச் சங்கிலியையும் அறுக்கும், உண்மைதான். ஆனால் சத்தமும் தீப்பொறியும் நேரமும் அவனுக்கு ஆபத்து.

அலாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லாரி போனாலே கத்தும் அலாரத்தைத் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேகமாக மாட்டித்தரும் கடைக்காரர் ஒயரை வெட்டி ஒட்டினால் பேட்டரி இறங்கலாம். புதிய வண்டியில் வாரண்டிக்கும் சிக்கல் வரலாம்.

ஜிபிஎஸ் கருவி திருட்டைத் தடுக்கும் என்று நம்புவது இப்போது பரவலாகிவரும் தவறு. அது வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவே. அதையும் சொல்ல அதிலுள்ள சிம்முக்கு ரீசார்ஜ் இருக்க வேண்டும், சிக்னல் கிடைக்க வேண்டும். வண்டியின் பேட்டரி இணைப்பைத் துண்டித்தாலும் இயங்கும் உள் பேட்டரி இருக்கிறதா, துண்டித்தவுடன் போனுக்குத் தகவல் வருமா என்று கேட்டு வாங்குங்கள். சீட்டுக்கு அடியில் பேட்டரி பக்கத்தில் பொருத்தாதீர்கள். திருடன் முதலில் தேடும் இடம் அது. சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் டேக், ஜிபிஎஸ்ஸுக்கு மாற்று ஆகாது. அருகில் போகிறவர்களின் போன்களை நம்பி இயங்கும் கருவி அது. ஆப்பிள் ஏர்டேக் போன்றவை, தெரியாமல் யாரும் பின்தொடரப்படக் கூடாது என்பதற்காகத் திருடனின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பிவிடவும் கூடும்.

காலையில் தாம்பரம் ரயில் நிலையத்தில் நிறுத்திவிட்டு இரவில்தான் எடுப்பவர் என்றால், என் கருத்தில் முதல் பணம் சங்கிலிக்கு, அடுத்தது ஜிபிஎஸ்ஸுக்கு.

காப்பீட்டையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. அதைப் பார்த்து, வண்டிக்கும் 5 ஆண்டு காப்பீடு இருக்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். திருட்டுக்குப் பணம் தருவது சொந்த சேதக் காப்பீடுதான்; அது பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். பாலிசியை எடுத்து அந்தத் தேதியை இன்றே பாருங்கள். இழப்பீடு கேட்கும்போது முதல் தகவல் அறிக்கையோடு இரண்டு சாவிகளையும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். மாற்றுச் சாவியை வண்டியின் பெட்டியிலேயே வைத்திருந்தால், அதை இப்போதே வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.