துருப்பிடிக்காத ரெகுலேட்டருக்கு நான் கொடுத்த விலை

சென்ற மாதம் புதுச்சேரிக் கடலில் என்னிடம் பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவர், அதுவரை எட்டே எட்டு டைவ் முடித்திருந்தவர், பையைத் திறந்து, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவியான ரெகுலேட்டர் ஒன்றை, புத்தம்புதிய டைட்டானியத்தில், எடுத்துக் காட்டினார். அதை வாங்கியதற்கு அவர் அடுக்கிய காரணங்கள் யாவும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் என் மனைவியிடம் அடுக்கியவைதாம். முகமூடி பொருந்தவில்லை, டைவ் கம்ப்யூட்டரைப் படிக்கத் தெரியவில்லை என்பன போன்ற தொடக்கத் தடுமாற்றங்களை அனுபவமே திருத்திவிடும் என்பதால், இந்த ஒரு பொருளைச் சுற்றி நடக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உலோகம் மாறினால் மூச்சு இலகுவாகும் என்று நம்புவது

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, சிலிண்டரில் பொருத்தும் பாகமான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 அல்லது 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்குமாறு குறைத்து ஹோஸ் வழியாக அனுப்புகிறது. வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ், நாம் இழுக்கும்போது அதைச் சுவாசிக்கத் தக்க அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறது. இழுப்பு எளிதாக இருக்குமா என்பதை வால்வின் வடிவமைப்பும், சிலிண்டரில் காற்று குறைந்தாலும் இழுப்பு மாறாத பேலன்ஸ்டு வகையா என்பதும், கடைசியாக அதைப் பிரித்துச் சரிசெய்தவரின் கைத்திறனும் தீர்மானிக்கின்றனவே தவிர, வெளிக்கூடு பித்தளையா டைட்டானியமா என்பது தீர்மானிப்பதில்லை. 600 டாலர் அளவில் கிடைக்கும் நல்ல பித்தளை ரெகுலேட்டரையும் 1,500 டாலரைத் தாண்டும் டைட்டானியத்தையும் 18 மீட்டரில் கண்களை மூடிக்கொண்டு மாறி மாறிக் கடித்துப் பார்த்திருக்கிறேன். என்னால் வேறுபாடு சொல்ல முடியவில்லை.

எடை குறைவு எங்கும் பயன்படும் என்று எண்ணுவது

டைட்டானியத்தின் அடர்த்தி பித்தளையின் அடர்த்தியில் ஏறத்தாழப் பாதி என்பதால் சில நூறு கிராம் மிச்சமாகும். 7 கிலோ கைப்பையோடு அந்தமானுக்கு அடிக்கடி பறப்பவருக்கு அது உண்மையான நிம்மதிதான். நீருக்குள் இறங்கும்போதோ, குறைந்த அந்த எடையைப் பெரும்பாலும் ஈயக்கட்டியாக இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

துருப்பிடிக்காது, ஆகவே சர்வீஸ் வேண்டாம் என்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். டைட்டானியம் கடல்நீரில் அரிக்கப்படுவதில்லை என்பது முழு உண்மை. ஆனால் ரெகுலேட்டர் பழுதாவது பெரும்பாலும் அதன் உலோகக் கூட்டினால் அன்று. உள்ளே இருக்கும் ஓ-ரிங்குகள் ரப்பர். உயரழுத்தக் காற்றை அடைத்து நிறுத்தும் சீட் என்ற சிறு பாகம் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. ஹோஸ் முனைகள் பெரும்பாலும் குரோம் பூசிய பித்தளையே. கூடு டைட்டானியம் என்பதற்காக இவற்றில் எதுவும் மெதுவாகத் தேய்வதில்லை.

நானோ நான்கு ஆண்டுகள் என் டைட்டானியம் ரெகுலேட்டரைப் பிரிக்கவே விடவில்லை. போதாக்குறைக்கு, டைவ் முடிந்ததும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயை அடைக்கும் டஸ்ட் கேப்பைச் சரியாக மூடாமலும், சிலிண்டரில் பொருத்தாத நிலையிலேயே, செகண்ட் ஸ்டேஜின் வால்வைத் திறந்துவிடும் பர்ஜ் பொத்தானை அழுத்திக்கொண்டும் வாளித் தண்ணீரில் அலசுவேன். அப்படி அலசினால் உப்பு கலந்த நீர் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போய்ச் சேரும் என்பது ஆரம்பப் பாடத்திலேயே சொல்லப்படுவது. நானும் அதைச் சொல்லிக்கொடுத்தவன்தான். ஐந்தாம் ஆண்டின் முதல் டைவில், 24 மீட்டரில், ஒரு மாணவர் அருகில் இருக்கும்போதே என் செகண்ட் ஸ்டேஜ் ஃப்ரீ-ஃப்ளோ ஆகிக் காற்றைக் கொட்டத் தொடங்கியது. உடன் வந்த பயிற்றுநரின் மாற்று ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு மேலே வந்தேன்.

அதற்குப் பின் செய்தது அதைவிட மோசம். அவசரத்தில், அந்த மாதிரியைப் பிரித்துப் பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுத்தேன். சீட் வந்து அமரும் உலோக விளிம்பில் அவருடைய கருவி பட்டுக் கீறல் விழுந்தது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர ஏழு வாரங்கள் ஆயின. சுங்க வரியையும் கூலியையும் சேர்த்தபோது, அந்தத் தொகைக்கு ஒரு பித்தளை ரெகுலேட்டரே வாங்கியிருக்கலாம். பணத்தைவிட உறுத்துவது வேறொன்று: ‘துருப்பிடிக்காது, கவலையே இல்லை’ என்ற அந்த விற்பனை வாசகத்தை நானும் மூன்று மாணவர்களிடம் சொல்லி வாங்க வைத்திருக்கிறேன்.

இப்போது எவர் கேட்டாலும், வாங்குமுன் அந்த மாதிரிக்கு உதிரிபாகமும் பயிற்சி பெற்ற கையும் எங்கே இருக்கின்றன என்று விசாரிக்கச் சொல்கிறேன். கூடவே, மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று தரும் இன்ஃப்ளேட்டர் ஹோஸில் செருகி, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அனுப்பும் அழுத்தத்தைப் பார்க்கும் சிறிய இடைநிலை அழுத்தமானி ஒன்றையும் வாங்கச் சொல்கிறேன். சிலிண்டரைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்: முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

குளிர்நீருக்கென்று வாங்குவது

ரெகுலேட்டர் உறைந்துபோகும் அளவுக்கு வங்கக் கடலில் குளிர் இல்லை.

ஆக்சிஜன் சிலிண்டரில் பொருத்துவது

உயரழுத்த ஆக்சிஜனில் டைட்டானியம் தீப்பற்றக்கூடியது. பற்றினால் உக்கிரமாக எரியும். ஆகவேதான் டைட்டானியம் ரெகுலேட்டர்களை 40 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் உள்ள வாயுவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் வரம்பிடுகிறார்கள். ஆக்சிஜன் 32 விழுக்காடாகக் கூட்டப்பட்ட காற்றான நைட்ராக்ஸில் டைவ் செய்பவரை இது தொடாது. ஆனால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கும் ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைக் காண விரும்புவோர், மேலே வரும்போது டீகம்ப்ரஷனுக்காக, அதாவது உடலில் கரைந்த வாயுவை மெல்ல வெளியேற்ற, 50 விழுக்காட்டுக் கலவையையோ, 6 மீட்டரில் தூய ஆக்சிஜனையோ சுவாசிக்க நேரும். என் இளைஞரும் அந்தக் கனவோடுதான் வந்திருக்கிறார். அந்த நாள் வரும்போது, ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்த பித்தளை ரெகுலேட்டர் ஒன்றையும் அவர் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.